ஆகாயத்தில் உன் நடை

மாடிப்படி ஏறும்போதே அந்த நெடி மூக்கில் ஏறிவிட்டது. வெயிலில் காய்ந்த பேனர் நெடி. பெயின்டும் மண்ணெண்ணெயும் ரப்பரும் சேர்ந்து வெந்தது மாதிரி. மேகம் கட்டிக்கொண்டு வந்ததால் கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போயிருந்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சிமென்ட் மூட்டைகளை அடுக்கி, அவற்றின் மேல் அந்தப் பேனரைக் கவிழ்த்துப் போட்டு, மூலைக்கு மூலை செங்கல் வைத்திருக்கிறான் என் மகன். படம் உள்ளே, வெள்ளை வெளியே. ஒரு மூலை மட்டும் செங்கலிலிருந்து நழுவிக் காற்றுக்குப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதை மடக்கலாம் என்று குனிந்தேன். உள்ளேயிருந்து உன் கண் ஒன்று என்னைப் பார்த்தது.

முழு முகத்தையும் பார்த்துவிடலாம் என்று இழுத்தேன். செங்கல் அசையவில்லை. இன்னொரு கையையும் கொடுத்து இழுத்தேன். அப்போதும் அசையவில்லை. பேத்தி ஹரிணியைக் கூப்பிட்டால் வருவாள். ஆனால் எதற்கு என்று கேட்பாள், அவள் அப்பன் காதுக்கும் போகும். தூறல் விழ ஆரம்பித்தது. துணியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். உன்னைச் சிமென்ட் மூட்டையைப் பார்த்துக் குப்புறப் படுக்க விட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

அதிலிருந்து சோறு இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. உன் முகம் இந்தத் தெருவுக்கு எப்படி வந்தது, எப்படிக் குப்புறப் போனது என்று உனக்கு ஒருத்தர் சொல்ல வேண்டாமா? உன் மகள் ஸ்டெல்லா சொல்லமாட்டாள். அவள் உன்னை மாதிரி, பட்டதை வெளியே காட்டமாட்டாள். நான் அப்படி இல்லை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், யாரையும் சும்மா விடவும் மாட்டேன். அது உனக்குத் தெரியும்.

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நான் மூன்றாவதோடு நிறுத்தப்பட்டவள். நீ எட்டாவது வரை மிஷன் பள்ளிக்கூடம் போனவள். சினிமாவில் பேர் போடும்போது எனக்கு வாசித்துச் சொன்னதே நீதானே. நான் முதல் எழுத்தைக் கூட்டுவதற்குள் அடுத்த பேர் வந்துவிடும். நீ என் காதில் கடகடவென்று சொல்லிக்கொண்டே போவாய். முன்னால் இருக்கிறவள் திரும்பி முறைப்பாள். "நீ சோகப் பாட்டுக்கு அழுவ வேண்டியவ, இப்பவே இன்னா மூஞ்ச காட்ற?" என்று அவளையும் அடக்குவாய்.

அந்த வாய் தெருவில் இருக்காது. எங்கள் வீட்டுத் தறிகளுக்கு ஊடை நூலைக் குச்சியில் தாராகச் சுற்றித் தர வந்தவள் நீ. காலனியிலிருந்து காலையில் வருவாய், விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போவாய். இளம்பிள்ளை வாதத்தில் போன கால் உனக்கு. இடது தொடையில் கையை வைத்து அழுத்தி, அழுத்தின அழுத்தத்தில் அடுத்த அடி வைப்பாய். அப்படித்தான் இந்தத் தெருவில் வந்து போனாய். வாசலில் நின்று "வர்றேங்க" என்பாய், போகும்போது "போறேங்க" என்பாய். என்னைவிட ஒரு வயசோ என்னவோ சின்னவள், என்னை 'யக்கா' என்பாய். என் மாமியார் காதில் விழுந்தால் 'அம்மா' ஆகிவிடுவேன்.

ஆனால் தியேட்டர் இருட்டில் நான் யக்காவும் இல்லை, அம்மாவும் இல்லை. "ஏய், நவுந்து குந்துடி" என்பாய். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் படத்துக்குப் போனேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். நான் பஜார் வழியாகப் போவேன், நீ கால்வாய் ஓரமாக வருவாய். பெண்கள் பக்கம் தரை டிக்கெட். விளக்கு அணைந்த பிறகுதான் நீ வந்து பக்கத்தில் உட்காருவாய். படம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தொடையில் கையை ஊன்றி எழுந்து போய்விடுவாய். கால் முடியாதவள், கூட்டத்தில் இடிபட வேண்டாம் என்று போகிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டபோதுதான் சொன்னாய்: "லைட்டு போட்டா நானு தார் சுத்தறவ, நீ மொதலாளி வூட்டு மருமவ. இருட்டோட போய்ட்டா யாருக்கும் பேஜாரு இல்ல."

அங்கே டிக்கெட் கிழிக்கிறவன் ஒருத்தன் இருந்தானே, ஞாபகம் இருக்கிறதா? "இவளுக்கு அர டிக்கெட்டு போதும், ஒரு காலுதான நடக்குது" என்றான். நீ நிற்காமலே சொன்னாய்: "அப்ப உன்ன சும்மாவே உள்ள வுடலாம். உனக்கு மூளயே நடக்கல." வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அவன் மூஞ்சியைப் பார்த்து வைத்துக்கொண்டேன். பல வருஷம் கழித்து அவன் பிணம் தாரை தப்பட்டையோடு நம் தெரு வழியாகப் போனது. எல்லோரும் வாசலில் நின்றார்கள். நான் கதவைச் சாத்தினேன்.

படம் பார்த்துவிட்டு மறுநாள் தார் சுற்றும்போது நீ ஒன்று சொல்வாய்: "என்ன மாரி மூஞ்சி தெரையில வந்தா பாத்துகினே இரு, இடைவேளைக்குள்ள செத்துப்பூடும்." அப்படித்தான் நடக்கும். கறுப்பாக, கால் விந்தி வருகிறவள் என்றால் ஒன்று பிச்சைக்காரி, இல்லை வில்லனுக்கு வீடு பெருக்குகிறவள், இல்லை எல்லோரும் சிரிக்க வந்தவள். கதாநாயகியை யாராவது சுட வந்தால் குறுக்கே விழுந்து சாகிறவளும் அவள்தான். நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன்.

ஸ்டெல்லா செய்யார் கம்பெனியில் ஷூ தைக்கிறாள், அது உனக்குத் தெரியும். லீவு நாளில் எனக்கு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வருவாள். நீ என்னை யக்கா என்றதால் அவளுக்கு நான் பெரிம்மா. என் மகன் ஏழுமலைக்கு அது பிடிக்காது. "அவ இன்னா உன்ன பெரிம்மான்றா? எந்த வழியில சொந்தம்?" என்பான். சினிமா வழியில் என்று நான் சொன்னதில்லை.

ஒருநாள் ஸ்டெல்லா வந்ததும் வராததுமாய்ப் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "பெரிம்மா, ஒண்ணும் பேசாதீங்க. இத மட்டும் பாருங்க. யாரு வர்றாங்கன்னு சொல்லுங்க."

புதுப் படத்துக்கு முன்னோட்டம். புழுதியில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிறாள். இடது தொடையில் கையை வைத்து அழுத்துகிறாள், அடி வைக்கிறாள். அழுத்துகிறாள், அடி வைக்கிறாள்.

"ஏய், உங்கம்மாடி!" என்று கத்திவிட்டேன்.

"நானும் கம்பெனி பஸ்ல கத்திட்டேன் பெரிம்மா. ட்ரைவர் பிரேக்கு போட்டுட்டாரு."

அந்த நடை நடக்கிறவள்தான் படத்தில் பறக்கிறவள். வெளிநாட்டுப் படத்தில் ஜட்டியை வெளியே போட்டுக்கொண்டு பறப்பார்களே, அந்த மாதிரி ஆள். இந்த முறை நம் பக்கத்துப் பெண். கன்னியம்மா என்று பேர். அதற்கு மேல் ஸ்டெல்லா கதை சொல்லவில்லை. நீயாக இருந்தால் சொல்லியிருப்பாய். உங்கள் மாதா கோயில் பெண்களோடு முந்திப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, முடிவைச் சொல்லி என் படத்தைக் கெடுத்தாயே ஒரு தடவை, அதை நான் இன்னும் மறக்கவில்லை.

படம் வந்த வெள்ளிக்கிழமையே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் டிக்கெட் எடுத்தது யார் தெரியுமா? ஏழுமலைதான். அவனுக்குச் சண்டைப் படம் என்றால் உயிர். மெத்தை நாற்காலி, குளிர். அந்த இருட்டில் எனக்கு இடது பக்கம் ஹரிணி, வலது பக்கம் ஏழுமலை. நீ உட்காருகிற பக்கத்தில் அவன்.

கதையை உனக்குச் சொல்லிவிடுகிறேன், பழிக்குப் பழி. கன்னியம்மா ஊர் ஜனங்கள் ஏரித் தண்ணீருக்குப் போகிற வழியில் பெரிய மனிதர்கள் ஒரு இரும்புக் கேட்டு போட்டுவிடுகிறார்கள். கேட்டுக்கு உள்ளே அவர்களுடைய கம்பெனி. ஜனங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊரையே சுற்றிப் போக வேண்டும். கேட்கப் போன கன்னியம்மாவைக் கம்பெனிக் கழிவுநீர்க் குழியில் தள்ளிவிடுகிறார்கள். செத்தாள் என்று நினைத்தேன். இடைவேளைகூட வரவில்லை, நீ சொன்ன மாதிரியே ஆகப்போகிறது என்று வயிறு எரிந்தது. ஆனால் எழுந்து வந்தாள். வந்தால், அவள் கை பட்டதெல்லாம் பஞ்சு மாதிரி லேசாகிவிடுகிறது. லாரியைத் தொட்டால் லாரி பஞ்சு, பாறையைத் தொட்டால் பாறை பஞ்சு. அது அவளுக்கே முதலில் புரியவில்லை. வழக்கம்போல நடக்கலாம் என்று தொடையில் கையை வைத்து அழுத்துகிறாள். அழுத்தினதும் கால் தரையை விட்டுவிட்டது.

அவ்வளவுதான். அப்படித்தான் பறக்கிறாள். கால் நேராகவில்லை, மந்திரம் போட்டு யாரும் குணமாக்கவில்லை. நடந்த அதே நடை, தரையில் இல்லாமல் ஆகாயத்தில். கூரைக்கு மேலே, புளியமரத்துக்கு மேலே, தொடையில் கையை வைத்து அழுத்தி அழுத்திப் போகிறாள். தியேட்டரே கத்தியது. நான் வலது பக்கம் திரும்பி "பாத்தியாடி" என்றேன். ஏழுமலை, "பாத்துகினுதாம்மா இருக்கேன்" என்றான்.

அவளுக்குத் துணைக்கு இரண்டு பேர். பஸ் மெக்கானிக் பாய் ஒருத்தர், அவர் கை வைத்தால் செத்த இன்ஜினும் கிளம்பும். திருநங்கை ஒருத்தி, அவளுக்கு யார் குரலில் வேண்டுமானாலும் பேச வரும். மந்திரி குரலில் போலீசுக்கு போன் போட்டு அவள் பேசினபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, அவள் பேச்சுக்குத்தான் சிரித்தோம். இரண்டும் வேறு வேறு.

கடைசியில் கன்னியம்மா அந்தக் கேட்டின் மேல் கை வைக்கிறாள். ஏழுமலை நாற்காலியை விட்டு எழுந்து, இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தான். "தூக்கு! தூக்கிப் போடு அத!" என்று கத்தினான். "அப்பா, மானம் போவுது, குந்துப்பா" என்று ஹரிணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எனக்கோ பெற்ற வயிறு குளிர்ந்துவிட்டது. என் பிள்ளை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும், "பைட்டு பிரமாதம். நடுவுல அந்த அரசியல கொஞ்சம் கம்மி பண்ணிருக்கலாம்" என்றான்.

"கேட்டு ஒடையறப்ப விசில் அடிச்சியேப்பா, அது இன்னாவாம்?" என்றாள் ஹரிணி.

"அது பைட்டுக்குடி."

வீட்டுக்கு வந்து அவள் போனில் எதையோ படித்துச் சொன்னாள். "ஆயா, நெட்டுல திட்றாங்க. முஸ்லிம் ஒருத்தர், திருநங்கை ஒருத்தர், கால் முடியாதவங்க ஒருத்தர்னு எண்ணி எண்ணி வெச்சிருக்காங்களாம். படம் எடுக்காம கணக்கெடுப்பு எடுத்திருக்காங்களாம்."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப மட்டும் எண்ணாமயா வெச்சாங்க? சிரிக்க ஒருத்தி, திருட ஒருத்தன், குறுக்க வுழுந்து சாவ ஒருத்தின்னு எண்ணித்தான வெச்சாங்க? அப்ப எவனும் கணக்கு கேக்கல" என்றேன். அவள் அதைப் போனில் தட்டிப் போடப் போனாள். வேண்டாம் என்றேன்.

ஒரு குறை இருந்தது, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. கன்னியம்மாவாக வந்த பெண் கறுப்பு இல்லை. பூசியிருக்கிறார்கள். அவள் தலையைத் திருப்பும்போது காதுக்குப் பின்னால் வேறு நிறம் தெரிகிறது, சாயம் சரியாக ஏறாத பட்டு மாதிரி. நடையை எங்கேயோ பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தார்கள். நடக்கிறவளைக் கூட்டிக்கொண்டு வர மனசு வரவில்லை. நீ இருந்தால், "போவட்டும்டி, சாவாம இருந்தா சரி" என்றிருப்பாய்.

மறுநாள் சாயங்காலம் ஸ்டெல்லா கம்பெனித் தோழிகள் இரண்டு பேரோடு வந்தாள். ஒருத்தி தோளில் ஏணி, இன்னொருத்தி கையில் சுருட்டின பேனர். எங்கள் தெரு முனையில் தறிக்கான பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டுவதற்காக அந்தக் காலத்தில் நட்ட கல்தூண்கள் இரண்டு இருக்கின்றனவே, அங்கே போய் நின்றார்கள். பாவு கட்டியிருந்தால் குறுக்கே போகக்கூடாது என்பது வழக்கம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் குனிந்து அடியில் ஓடினால் கேட்கமாட்டார்கள். நீ மட்டும் அந்தக் காலோடு தெருவையே சுற்றிக்கொண்டு வருவாய்.

ஸ்டெல்லா வந்ததும் பேனரைப் பிரிக்கவில்லை. முதலில் இரண்டு தூணையும் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். முந்தானையால் துடைத்தாள். மஞ்சள் குழைத்துப் பூசினாள், குங்குமம் வைத்தாள். சிலுவை போட்ட கழுத்தோடு அவள் அதைச் செய்ததைப் பார்த்து எனக்கே ஆச்சரியம்.

"ஏண்டி, இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

"அம்மாதான். எது கட்னாலும் மொதல்ல கல்லுக்கு மஞ்ச வெக்கணும், அது அந்தத் தெருவுக்குக் குடுக்கற மரியாதன்னு சொல்லும்."

நீ எப்போது பார்த்தாய்? புதுப் பாவு கட்டும்போது என் மாமியார் மஞ்சள் வைப்பாள், அந்த நேரம் உன்னைப் பக்கத்தில் விட்டதே இல்லை. அத்தனை தூரத்திலிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டு, பெற்ற பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறாய்.

பிறகுதான் பேனர் ஏறியது. ஒரு பக்கம் கன்னியம்மா ஆகாயத்தில். இன்னொரு பக்கம் நீ. கோயில் திருவிழாவில் எடுத்த போட்டோ, ஊதாச் சேலை, பாதிச் சிரிப்பு. நடுவில் பெரிய எழுத்து: "அன்று ஆரணி வீதியில்! இன்று ஆகாய வீதியில்! எங்கள் அன்னையின் நடை!" நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். யாரும் காதில் சொல்லவில்லை. "நாளைக்கி கம்பெனியில இருந்து எல்லாரும் வர்றாங்க பெரிம்மா. அம்மாவுக்கு மால போட்டுட்டு அப்டியே படத்துக்குப் போறோம். நீங்களும் ஒரு பூ போடணும். நாளைக்கி ஒருநாள் இங்க நின்னா போதும் எனக்கு" என்றாள். அவள் கேட்டது ஒரு நாள்.

அன்றைக்கே எவனோ ஒருத்தன் ஏழுமலையின் போனுக்கு அனுப்பியிருக்கிறான், படத்தில் வந்த கேட்டு யாரைக் குத்திக்காட்ட வைத்தது தெரியுமா, நம்மைத்தான் என்று. வெள்ளிக்கிழமை எழுந்து நின்று விசில் அடித்தவனுக்குச் சனிக்கிழமை ராத்திரி ரோஷம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் கூட்டம். தெருச் சங்கத் தலைவர், ஏழுமலை, இன்னும் நாலைந்து பேர். நான் போய் என்ன என்று கேட்டேன்.

"பேனர் கட்னதுக்கு ஒண்ணும் சொல்லலீங்க. யாரு வேணா கட்டிக்கட்டும்" என்றார் தலைவர். "மஞ்ச வெச்சாங்க பாருங்க, அதான் தப்பு. அது நாம கும்புடற கல்லு. அதுக்கு மஞ்ச வெக்க அவங்க யாரு?"

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியவில்லை. "கும்புடற கல்லா? போன எலெக்ஷனுக்கு அதுல ஆணி அடிச்சாங்களே, அப்ப எங்க இருந்தீங்க? உங்க பேரன் காதுகுத்து பேனர் அதுலதான தொங்குச்சு? டேய் ஏழுமல, உன் மச்சான் பொண்ணு சடங்குக்கு செருப்புக் காலோட ஏறிக் கட்னியே, இன்னா கலர் செருப்புன்னு சொல்லட்டுமா? அதுல பாவு கட்டி எத்தினி காலம் ஆவுது? எல்லாரும் ஷெட்டுல போட்டுக்குறீங்க. இன்னிக்கி மட்டும் அது எப்டிடா சாமி ஆச்சு?"

"ஆயாவுக்கு மெமரி கார்டு பெருசுப்பா" என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள், தலைவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நான் பேசினதெல்லாம் போய்விட்டது.

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்ப் பேனருக்குக் கீழே போட்டு உட்கார்ந்தேன். "அவுருங்கடா பாக்கலாம்" என்றேன். கன்னியம்மா அந்தக் கேட்டுக்கு முன்னால் இப்படித்தான் நின்றாள் என்று ஒரு தைரியம்.

அவர்கள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் திருப்பித் திட்டத் தெரியும். ஏழுமலை ஒரு பக்கம், பக்கத்து வீட்டுக்காரன் ஒரு பக்கம், நாற்காலியோடு என்னைத் தூக்கினார்கள். "பாத்து, பாத்து, ஆயா பத்தரம்" என்று சொல்லிக்கொண்டே, ஊர்வலத்தில் சாமியைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்து வீட்டு நிழலில் இறக்கினார்கள். கால் ஆட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை, விழுந்துவிடுவோம் என்று நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். "வெயிலுல ஏம்மா குந்தற" என்று ஏழுமலை மோர் கொண்டுவந்து கொடுத்தான். நான் மோரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது கயிற்றை அறுத்தார்கள்.

ஸ்டெல்லாவும் அவள் தோழிகளும் வந்து சேர்ந்தபோது பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாப் பெண்களும் நல்ல சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருத்தி கையில் மாலை. ஸ்டெல்லா சண்டை போடவில்லை. "அண்ணா, குடுங்கண்ணா, நாங்களே எடுத்துகினு போயிர்றோம்" என்றாள்.

"அப்பறமா வந்து வாங்கிக்க. இப்ப இங்க கூட்டம் வேணாம். ஜல்தி கெளம்புங்க" என்றான் என் பிள்ளை.

அவள் என்னிடம் வந்தாள். குனிந்து மெதுவாகத்தான் கேட்டாள். "மஞ்ச வெச்சதுதான் தப்பா பெரிம்மா? எல்லாரையும் மாரி ஆணி அடிச்சிருந்தா வுட்ருப்பாங்களா?"

எத்தனை பேர் சாவுக்கு நான் கதவைச் சாத்தினேன், எத்தனை பேர் கல்யாணத்தில் சாப்பிடாமல் எழுந்து வந்தேன், எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லத் தெரிந்த எனக்கு அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. மோரை அவளிடம் நீட்டினேன். அதை ஒரு வாய் குடித்துவிட்டு, "படத்துக்கு நேரமாவுது" என்று போய்விட்டாள். மாலையை என்ன செய்தார்களோ, தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு ஏழுமலை ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்து தூண்களைத் தேய்த்துக் கழுவினான்.

"வெள்ளிக்கிழம அந்த கேட்டு ஒடஞ்சப்ப விசிலடிச்சியேடா?" என்றேன்.

திரும்பாமலே சொன்னான், "அது படம்மா."

சாயங்காலம் பேனரை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிடு என்றேன். நாளைக்கு என்றான். மறுநாளும் நாளைக்கு என்றான். பிறகு ஒருநாள், "நல்ல கெட்டியான பேனரும்மா, மழ தாங்கும்" என்றான். அவன் அதை வன்மத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. வன்மம் என்றால் அது எனக்குத் தெரிந்த பாஷை.

ஸ்டெல்லா போன் பண்ணினாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்டாள். பேனரைப் பற்றி நானாகத்தான் ஆரம்பித்தேன். "வுடுங்க பெரிம்மா, உங்களுக்கு பிரஷர் ஏறிடும்" என்றாள். அவள் என்னையும் சேர்த்துத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. வாழைப்பழம் வாங்கிக்கொண்டு அவள் இன்னும் வரவில்லை. ஷிஃப்ட்டு மாறியிருக்கும் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அந்தப் படத்தின் மேல் எனக்கு இப்போது இன்னொரு வருத்தமும் உண்டு. கேட்டு உடைந்தது, ஜனங்கள் குடத்தோடு ஓடினார்கள், மேளம் அடித்தார்கள், விளக்குப் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் அந்த ஊரில் யார் யாரிடம் முகம் கொடுத்துப் பேசினார்கள், டீக்கடையில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், அதை ஒருத்தரும் காட்டவில்லை. அதைப் பார்த்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் ஓரகத்தி ஒரு சொல் சொன்னாள் என்று வருஷக்கணக்கில் அவளோடு பேசாமல் இருந்தேன். கடைசியில் அவளே வந்து, ஒரு வார்த்தை பேசு என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதைத்தான் இப்போது கையில் எடுத்திருக்கிறேன். அந்தப் பேனர் மாடிக்கு ஏறின நாளிலிருந்து ஏழுமலையோடு பேசுவதில்லை. சோறு போடுகிறேன், குழம்பு ஊற்றுகிறேன். அவன் போட்ட சோற்றைத்தான் நானும் தின்கிறேன், அது வேறு. வாயை மட்டும் திறப்பதில்லை. என்னால் முடிந்த கேட்டை நான் போட்டுவிட்டேன்.

அவன் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறான். "உப்பு கம்மியாம்மா?" என்று கேட்டு, "கம்மிதான்" என்று அவனே சொல்லிக்கொள்கிறான். "வர்றேம்மா" என்பான், பதிலுக்கு நிற்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். நீயாக இருந்தால் முதல் வேளையிலேயே, யார் மேல கோபம் என்று கேட்டிருப்பாய். அவனுக்கு நான் பேசாமல் இருப்பதே தெரியவில்லை என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன்.

நேற்று தெரிந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் போனைக் கீழே வைத்தான். என் முகத்தைப் பார்த்தான். கேட்கட்டும், கேட்டால் உன் பேரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

"இன்னாம்மா, தொண்ட கட்டிகிச்சா?" என்றான். "ரெண்டு மூணு நாளா குரலே காணமே."

சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது தொண்டைக்கு மாத்திரை வாங்கி வந்தான், மிட்டாய் மாதிரி சப்புவது. ஒன்றைப் பிரித்து அவனே என் கையில் வைத்தான். வாயில் போட்டுக்கொண்டேன். காரமும் இனிப்புமாக நன்றாகத்தான் இருந்தது.

பேசவில்லை.